வளைவில் பைக் மிரட்டுகிறதா? அறிகுறியைப் பிடித்துக் காரணத்தைத் தேடுங்கள்

ஸ்ப்ளெண்டரோ ஷைனோ ஓட்டிப் பழகியவர்கள் ஆர்15, டியூக் 390, அப்பாச்சி ஆர்ஆர் 310 மாதிரி ஒரு ஸ்போர்ட் பைக்குக்கு மாறியதும் பெரும்பாலும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கிறார்கள். நேர் ரோட்டில் வண்டி அருமை, ஏற்காடோ வால்பாறையோ ஏறும்போது மட்டும் ஒவ்வொரு வளைவிலும் உடம்பு இறுகிப்போகிறது, பழைய வண்டியில் இதே ரோட்டில் இப்படி இல்லையே என்கிறார்கள். காரணம் இருக்கிறது. இந்த வண்டிகள் வளைவுக்கு முன்னால் நீங்கள் நினைப்பதைவிட 15, 20 கி.மீ. கூடுதல் வேகத்தைச் சத்தமில்லாமல் சேர்த்துவிடும். முன்னால் குனிந்து உட்காருவதால் உடம்பின் எடை மணிக்கட்டுக்குப் போகிறது. பிரேக்கும் ஹேண்டிலும் சின்ன அசைவுக்கே பதில் சொல்கின்றன. பழைய வண்டி கண்டுகொள்ளாமல் விட்ட பழக்கங்களை இது உடனே காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான்.

"பயத்தை விட்டுட்டு அமுக்கு, பழகிடும்" என்று சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். வளைவில் வரும் பயம் பெரும்பாலும் உண்மையைத்தான் சொல்கிறது. உள்ளே நுழைந்த வேகம் அதிகம், அல்லது கண் போதுமான தூரம் பார்க்கவில்லை, அல்லது கை இறுகியிருக்கிறது, அல்லது டயரில் கோளாறு. இதில் எது என்று கண்டுபிடித்துச் சரிசெய்தால் பயம் தானாகக் குறையும். கண்டுபிடிக்காமல் வேகத்தைக் கூட்டினால் அது விபத்தில்தான் முடியும். நான் இங்கே எழுதுவதெல்லாம் எதிரே பஸ் வரும் பொது ரோட்டுக்கு. முட்டியைத் தரையில் உரசுவது பற்றி இதில் எதுவும் இல்லை.

அறிகுறி: வண்டி திரும்பவே மாட்டேன் என்கிறது, ஹேண்டில் கனமாக இருக்கிறது

முதலில் காற்று. பங்க்சர் கடையில் "முன்னாடி 30 பின்னாடி 40 போடுங்க" என்று பழக்கத்தில் சொல்லிவிட்டு வருபவர்கள் நிறைய. உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பது செயின் கவர் பக்கத்திலோ, பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்கார்மிலோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலும், வண்டியோடு வந்த புத்தகத்திலும் இருக்கும், அதைப் பாருங்கள். வண்டி ஓடிச் சூடாகும் முன்பு, காலையிலேயே பார்க்க வேண்டும், சூடான டயரில் அளவு கூடுதலாகக் காட்டும். முன் டயரில் 5, 6 பிஎஸ்ஐ குறைந்தாலே ஹேண்டில் கனமாகி, சாய்க்கும்போது வண்டி தயங்குவது போலத் தெரியும். நூறு, இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பிரஷர் கேஜ் ஒன்றைச் சொந்தமாக வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து டயரின் வடிவம். தினமும் நேர் ரோட்டில் ஆபீஸ் போய் வந்த வண்டியில் பின்பக்க டயரின் நடுப்பகுதி தேய்ந்து தட்டையாகியிருக்கும். அப்படிப்பட்ட டயர் கொஞ்சம் சாய்க்கும்வரை எதிர்க்கும், அப்புறம் திடீரென்று விழுகிற மாதிரி உள்ளே போகும். இதை ஓட்டும் முறையால் சரிசெய்ய முடியாது, டயர் மாற்றுவதுதான் வழி. பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்க எண்ணையும் பாருங்கள், 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரானது. டயரின் மேல் இருக்கும் பட்டன் எவ்வளவு மிச்சமிருந்தாலும் வயதான ரப்பர் கெட்டியாகிவிடும், ஈரத்தில் பிடிப்பு இருக்காது. புது டயர் போட்டாலும் முதல் 100, 150 கி.மீ. அடக்கமாக ஓட்டி மேற்பரப்பின் வழவழப்பு போன பிறகுதான் மலைக்குப் போக வேண்டும்.

மூன்றாவது கோன் செட், அதாவது ஹேண்டில் திரும்ப உதவும் பேரிங். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஹேண்டிலின் அடியில் 'கடக்' என்று ஒரு தட்டு கையில் தெரிந்தால் தளர்ந்திருக்கிறது. முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெதுவாகத் திருப்பும்போது நடுவில் ஒரு இடத்தில் சிக்கி நின்றால் தேய்ந்திருக்கிறது. இப்படியொரு கோன் செட்டோடு மலை ஏறினால் வண்டி ஒரு கோட்டில் போகாது, ஓட்டுபவர் தன் மேல்தான் தப்பு என்று நினைத்துக்கொண்டிருப்பார்.

இதெல்லாம் சரியாக இருந்தும் திரும்பவில்லை என்றால் கைக்கு வருவோம். ஏறக்குறைய 25, 30 கி.மீ. வேகத்துக்கு மேல் பைக் திரும்பும் முறையே வேறு. இடது பக்கம் போக இடது கைப்பிடியை முன்னால் தள்ள வேண்டும், வலது பக்கம் போக வலது கைப்பிடியை. கேட்பதற்குத் தலைகீழாக இருக்கும், ஆனால் வண்டியைச் சாய வைப்பது இதுதான், உடம்பை மட்டும் சாய்ப்பதால் பெரிதாக எதுவும் நடக்காது. ஆளில்லாத நேர் ரோட்டில் 40-இல் போகும்போது இடது கைப்பிடியை உள்ளங்கையால் லேசாக முன்னே அழுத்திப் பாருங்கள், வண்டி உடனே இடது பக்கம் சாயும். இதை வேண்டுமென்றே, தெரிந்தே செய்யக் கற்றுக்கொண்டவருக்கும் தெரியாமல் செய்பவருக்கும் மலையில் பெரிய வித்தியாசம் உண்டு. பயத்தில் இரண்டு கையும் இறுகினால் ஒரு கை தள்ளுவதை இன்னொரு கை தடுக்கிறது, வண்டி அடம்பிடிப்பது போலத் தெரிவது அதனால்தான். தொடைகளால் டேங்கைப் பிடித்துக்கொள்ளுங்கள், இடுப்பும் வயிறும் உடம்பைத் தாங்கட்டும். ஓடும்போதே முழங்கைகளை மேலும் கீழும் ஆட்டிப் பார்க்க முடிந்தால் கை தளர்வாக இருக்கிறது என்று அர்த்தம்.

அறிகுறி: வளைவின் பாதியில் வண்டி வெளியே தள்ளிக்கொண்டு போகிறது

மலை ரோட்டில் ஆளைக் கொல்வது இதுதான், அதனால் இதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

நுழைந்த வேகத்தில் இருந்து ஆரம்பிப்போம். 30 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவை எடுத்துக்கொள்ளுங்கள், மலையில் சாதாரணமாக வரும் அளவுதான். அதை 40 கி.மீ. வேகத்தில் எடுக்க வண்டி சுமார் 23 டிகிரி சாய வேண்டும். 50-இல் எடுத்தால் 33 டிகிரி. 60 என்றால் 43 டிகிரி. வேகம் இருமடி கணக்கில் வேலை செய்வதால் ஸ்பீடோமீட்டரில் பத்து பத்தாகக் கூடும்போது இப்படி ஏறுகிறது. 23 டிகிரி எல்லோருக்கும் வசதி, 33-இல் புதியவருக்கு உடம்பு இறுகும், 43 டிகிரி என்பது நல்ல டயரும் சுத்தமான காய்ந்த தாரும் இருந்தால் மட்டும் நம்பக்கூடியது. அதாவது வெறும் பத்து கி.மீ. குறைத்தால் வசதியான இடத்துக்குத் திரும்பிவிடலாம். வளைவுக்கு முன்னால் நேராக இருக்கும்போதே பிரேக்கையும் கியரையும் முடித்துவிட்டு, கொஞ்சம் மெதுவாகவே உள்ளே நுழையுங்கள். 'இன்னும் கொஞ்சம் வேகமாக வந்திருக்கலாமே' என்று வளைவின் நடுவில் தோன்றினால் வேகம் சரியாக இருந்திருக்கிறது.

வேகம் சரி, ஆனாலும் வெளியே போகிறது என்றால் சீக்கிரம் திரும்பிவிடுகிறீர்கள். பயப்படுபவர்கள் எல்லோருமே இதைச் செய்கிறார்கள், வளைவைப் பார்த்ததும் உடனே உள்பக்கம் ஒட்டிக்கொள்ளத் தோன்றும். ஆரம்பத்திலேயே உள்ளே ஒட்டினால் வளைவின் கடைசியில் வண்டி வெளிப்பக்கம்தான் பார்த்துக்கொண்டிருக்கும், இடது வளைவாக இருந்தால் எதிர்த் தடத்துக்குள் போய்விடும். உங்கள் பாதிக்குள் கொஞ்சம் வெளிப்பக்கமாகவே போய், வளைவு எங்கே முடிகிறது என்று கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்த பிறகு திரும்புங்கள். ரேஸில் செய்வது போல முழு ரோட்டையும் பயன்படுத்தி வெளியே, உள்ளே, வெளியே என்று கோடு போடுவது இங்கே கூடாது, நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கம் உங்களுடையது இல்லை.

அப்புறம் கண். ரோட்டின் இரண்டு ஓரங்களும் தூரத்தில் ஒன்றுசேர்வது போல ஒரு புள்ளி தெரியும், அதைத் தேடிப் பிடித்துக்கொள்ளுங்கள். நீங்கள் நெருங்க நெருங்க அந்தப் புள்ளி உங்களை நோக்கி வந்தால் வளைவு இறுகுகிறது, வேகத்தைக் குறைக்க வேண்டும். அதே தூரத்தில் நின்றால் வேகம் பொருத்தம். உங்களைவிட்டு விலகி ஓடினால் வளைவு திறக்கிறது, மெதுவாக ஆக்சிலேட்டர் கொடுக்கலாம். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் தெரியாத மலையிலும் ஓட்ட முடியும், ஒவ்வொரு வளைவையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. இதற்கு எதிரான பழக்கம், பயந்த இடத்தையே பார்ப்பது. தடுப்புச் சுவரையோ பள்ளத்தையோ பார்த்தால் வண்டி அங்கேதான் போகும். தாடையைத் திருப்பி, போக வேண்டிய இடத்தைப் பார்க்க வேண்டும், கண்ணை மட்டும் ஓட்டினால் போதாது.

கூடவே நிறுத்தும் தூரத்தையும் மனதில் வையுங்கள். ஒரு நொடி யோசிக்கும் நேரம், நல்ல பிரேக், காய்ந்த சம ரோடு என்று வைத்துக்கொண்டாலும் 40-இல் இருந்து நிற்க ஏறக்குறைய 20 மீட்டர் வேண்டும், 60-இல் இருந்து 40 மீட்டர். நம் மலைகளில் முந்திக்கொண்டு வரும் கார் உங்கள் தடத்திலேயே எதிரே வரும், அதனால் பார்வை எட்டும் தூரத்தில் பாதிக்குள் நிற்க முடிகிற வேகமே சரியான வேகம். 40 மீட்டர்தான் தெரிகிறது என்றால் 40 கி.மீ. வேகம்தான். எவ்வளவு திறமை இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

இத்தனைக்கும் பிறகு ஒரு நாள் வேகமாக உள்ளே போய்விட்டீர்கள், வண்டி வெளியே போகிறது, என்ன செய்வது? ஆக்சிலேட்டரைப் படாரென்று மூடி முன் பிரேக்கை இழுத்துப் பிடிப்பதுதான் கை தானாகச் செய்யும் வேலை. அப்படிச் செய்தால் வண்டி நிமிர்ந்து நேராக ஓடும், அல்லது முன் சக்கரம் வழுக்கும். அதற்குப் பதிலாக வெளியேறும் இடத்தைப் பாருங்கள், உள்பக்கக் கைப்பிடியை இன்னும் கொஞ்சம் தள்ளுங்கள். பிரேக் தேவைப்பட்டால் மெதுவாக, கூட்டிக் கூட்டித்தான் பிடிக்க வேண்டும். நீங்கள் பயந்த அந்தச் சாய்வுக்கு மேலும் வண்டி பெரும்பாலும் சாயும், முதலில் நின்றுபோனது உங்கள் கைதான். சாயவே முடியாத நிலை, முன்னால் இடமும் இருக்கிறது என்றால் வண்டியை முழுக்க நிமிர்த்திவிட்டு அப்புறம் பலமாகப் பிரேக் பிடியுங்கள். ஏபிஎஸ் இருக்கிறதே என்று சாய்ந்த நிலையில் நம்பி இழுக்காதீர்கள். சாய்வையும் கணக்கில் எடுத்து வேலை செய்யும் ஏபிஎஸ் சில மாடல்களில்தான் இருக்கிறது, மற்றவை நேராகப் போகும்போது சக்கரம் பூட்டாமல் காப்பதற்கானவை.

அறிகுறி: ஒரு பக்க வளைவு மட்டும் வருவதில்லை

நிறைய பேருக்கு இடது வளைவு சரியாக வரும், வலது வளைவில் கை கட்டிப்போட்டது போல இருக்கும். ஆக்சிலேட்டர் வலது கையில் இருப்பதுதான் காரணம். கைப்பிடியை முழுக்க இறுக்கிப் பிடித்திருந்தால், வலது பக்கம் தள்ளும்போது மணிக்கட்டு மடங்கி ஆக்சிலேட்டரும் சேர்ந்து மாறும், வண்டி வெட்டி வெட்டிப் போகும். ஸ்க்ரூடிரைவரைப் பிடிப்பது போலக் கொஞ்சம் குறுக்காகப் பிடித்தால் மணிக்கட்டு நேராக நிற்கும், முழங்கையும் கீழே இறங்கும். ஆக்சிலேட்டர் கேபிளில் ஆட்டம் அதிகமாக இருந்தாலும் இதே தொல்லைதான், மெக்கானிக்கிடம் காட்டிச் சரிசெய்யுங்கள்.

வலது வளைவில் இன்னொரு ஆபத்து. வண்டியின் டயர் நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் இருக்கும், ஆனால் சாய்ந்திருக்கும் உங்கள் தலையும் தோளும் கோட்டைத் தாண்டி எதிர்த் தடத்தில் இருக்கும். எதிரே வரும் பஸ்ஸின் கண்ணாடி எந்த உயரத்தில் இருக்கிறது என்று ஒரு தடவை நின்று பார்த்தால் புரியும். வலது வளைவில் உங்கள் தடத்தின் நடுவையோ இடது பாதியையோ விட்டு வராதீர்கள்.

இடது வளைவில் பயப்படுபவர்களின் காரணம் வேறு, பெரும்பாலும் ஓரத்து மண்ணும் சல்லியும்தான். அது நியாயமான பயம், மழைக்குப் பிறகு மலையில் இருந்து வழிந்த மண் சரியாக உள்பக்கத்தில்தான் சேரும். ஓரத்தில் இருந்து ஒரு மீட்டராவது தள்ளி ஓட்டினால் போதும்.

அறிகுறி: கொண்டை ஊசி வளைவில் வண்டி தடுமாறுகிறது, ஆஃப் ஆகிவிடுகிறது

கொல்லிமலையில் காரவள்ளியில் இருந்து ஏறும்போது 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன, ஆழியாறில் இருந்து வால்பாறைக்கு 40, ஏற்காட்டுக்கு 20. இவற்றில் வண்டியைச் சாய்ப்பது பிரச்சினை இல்லை, மெதுவாகப் போவதுதான் பிரச்சினை. ஸ்போர்ட் பைக்கின் ஹேண்டில் கொஞ்சம்தான் திரும்பும், ஒற்றை சிலிண்டர் எஞ்சின் குறைந்த ஆர்பிஎம்மில் உதறும். இரண்டாம் கியரில் வண்டி உதறினால் தயங்காமல் முதல் கியருக்குப் போங்கள். கிளட்சைப் பாதி பிடித்து, ஆக்சிலேட்டரைச் சீராக வைத்து, வேகத்தைப் பின் பிரேக்கால் லேசாகக் கட்டுப்படுத்துங்கள், முன் பிரேக்கைத் தொடாதீர்கள். செயின் தொங்கினாலும் இந்த உதறல் கூடும், புத்தகத்தில் சொன்ன அளவுக்கு இழுத்துக்கொள்ளுங்கள்.

இடது பக்கம் திரும்பும் கொண்டை ஊசியில் நீங்கள் உள்வட்டத்தில் இருப்பீர்கள், அங்கே ஏற்றமும் செங்குத்தாக இருக்கும். கொஞ்சம் வெளியே இருந்து ஆரம்பித்தால் எளிது. வலது பக்கம் திரும்பும்போது வெளிவட்டம் உங்களுக்கு, இடம் தாராளம் என்று தோன்றும். ஆனால் எதிரே உள்வட்டத்தில் வரும் பஸ் உங்கள் பாதியையும் எடுத்துக்கொண்டுதான் திரும்ப முடியும். ஹாரன் கேட்டாலோ மேலே பஸ்ஸின் கூரை தெரிந்தாலோ வளைவுக்கு முன்னாலேயே நின்றுவிடுங்கள். நீங்கள் இறங்குகிறீர்கள், எதிரே ஏறி வருகிறார்கள் என்றால் வழி அவர்களுக்கு, அதுதான் விதி.

அறிகுறி: ஏறும்போது பிரச்சினை இல்லை, இறங்கும்போது மட்டும் பயம்

இறக்கத்தில் எடை முழுக்க முன்னால் வருகிறது, ஆக்சிலேட்டரை மூடினாலும் வேகம் கூடுகிறது. கிளட்சைப் பிடித்துக்கொண்டோ நியூட்ரலிலோ உருட்டினால் பாரம் மொத்தமும் பிரேக்குக்குத்தான். ஊட்டியில் இருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி மாதிரி செங்குத்தான பாதையில் அப்படி உருட்டினால் பிரேக் சூடாகிப் பிடிப்பு குறைந்துவிடும். எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில், சில இடங்களில் ஒன்று குறைத்தும், இறங்குங்கள். எஞ்சின் பிடித்துவைக்கட்டும், பிரேக்கை வளைவுக்கு முன்னால் அழுத்தி உடனே விடுங்கள், முழு இறக்கமும் லேசாகப் பிடித்துக்கொண்டே வராதீர்கள். தொடைகளால் டேங்கை இறுகப் பிடித்தால்தான் உடம்பு மணிக்கட்டின் மேல் சரியாது.

பின்னால் ஆள் உட்கார்ந்திருந்தால் இது இரட்டிப்பாகும். பின் சாக்கின் பிரீலோடை, அதாவது ஸ்பிரிங்கின் இறுக்கத்தை, கூட்டுங்கள், பிரேக் பிடிக்கும்போது டேங்கில் கை ஊன்றிக்கொள்ளச் சொல்லுங்கள், எதிர்ப்பக்கம் சாயக் கூடாது என்பதையும் கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள்.

அறிகுறி: தனியாகப் போனால் நன்றாக வருகிறது, குழுவோடு போனால் கெட்டுவிடுகிறது

முன்னால் போகும் வண்டியின் சிவப்பு விளக்கிலேயே உங்கள் கண் ஒட்டிக்கொள்கிறது. அவர் பிரேக் பிடித்தால் நீங்களும் பிடிக்கிறீர்கள், அவர் வேகமாக நுழைந்தால் நீங்களும் நுழைகிறீர்கள், வளைவை நீங்கள் பார்க்கவே இல்லை. மூன்று, நான்கு நொடி இடைவெளி விட்டு ஓட்டுங்கள். அவர்கள் கண்ணுக்குத் தெரியாமல் போனாலும் பரவாயில்லை, அடுத்த டீக்கடையில் நிற்பார்கள். காத்திருக்க மாட்டேன் என்று சொல்லும் குழுவோடு மலைக்குப் போகாதீர்கள்.

அறிகுறி: நேற்று சரியாக வந்தது, இன்று பயமாக இருக்கிறது

ரோட்டைப் பாருங்கள். காலைப் பனி, யூகலிப்டஸ் இலை, லாரி சிந்திய டீசல், சாணம், ஈரமான வெள்ளைக் கோடு, இவை எல்லாமே பிடிப்பைக் குறைக்கும். மழைக்காலத்தின் முதல் சில தூறல்கள் தார் மேல் இருந்த எண்ணெயைக் கிளப்பி விடுவதால் அப்போது வழுக்கல் மிக மோசம். ரோடு சுத்தமாக இருந்தால் உங்களைப் பாருங்கள். தூக்கமில்லாமல் சென்னையில் இருந்து இரவெல்லாம் ஓட்டி வந்து விடிகாலையில் மலை ஏறுபவரின் கண் தாமதமாகத்தான் வேலை செய்யும். அன்றைக்கு வேகத்தைக் குறைத்து ஏறுங்கள், இல்லையென்றால் அடிவாரத்திலேயே படுத்துத் தூங்கிவிட்டுப் போங்கள்.

பயிற்சி எப்படி என்று கேட்டால், ஒரு பயணத்துக்கு ஒரே ஒரு விஷயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்று கண் மட்டும், அடுத்த முறை கை மட்டும், அதற்கடுத்து நுழையும் வேகம் மட்டும். தெரிந்த ஒரு சின்னத் துண்டு ரோட்டையே எடுத்துக்கொண்டு, பேச்சுக்கொடுத்தால் பதில் சொல்ல முடிகிற வேகத்தில் ஏறி இறங்குங்கள். ஏற்காட்டின் 20 வளைவு இதற்குப் போதும், கொல்லிமலை அப்புறம். பிரேக்கை மட்டும் காலி மைதானத்தில் தனியாகப் பழகுங்கள், 40-இல் இருந்து நேராக, பலமாக, சக்கரம் வழுக்காமல் நிற்கும் வரைக்கும்.

இன்னும் சாய வேண்டும், வண்டியின் எல்லை எங்கே என்று தெரிய வேண்டும் என்ற ஆசை வந்தால் அதற்கு இடம் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் இருக்கும் ரேஸ் டிராக்கிலும் கோவை செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வேயிலும் அவ்வப்போது பயிற்சி வகுப்புகள் நடக்கின்றன. அங்கே எதிரே வண்டி வராது, விழுந்தால் சறுக்க இடமும் இருக்கும், தப்பு எங்கே என்று சொல்லப் பயிற்சியாளரும் இருப்பார். முழு முக ஹெல்மெட், லெதர் சூட், கையுறை, கணுக்கால் மூடும் ஷூ ஆகியவற்றைக் கேட்பார்கள், சில வகுப்புகளில் சூட் வாடகைக்கும் கிடைக்கும், பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.